காண்பானுக்கு வினை உண்டோ?

 

கொல்பவனுக்கு வினை உண்டு. கொல்லச் சொன்னவனுக்கும் உண்டு. கொலையைக் கண்டு மகிழ்ந்தவனுக்கும் உண்டு. இவை நம் இல்லங்களில் சிறுவர்க்கும் தெரிந்த செய்திகள். ஆயின், கொலை நிகழும் இடத்தைத் தானே தேடிச் சென்று, கொல்லாமலும், கொல்லச் சொல்லாமலும், கண்டு மகிழாமலும், அக்கொலையைக் கருவி ஒன்றினால் படம்பிடித்து உலகுக்குக் காட்டுபவன் எந்தக் கணக்கில் சேர்வான்? இவ்வினாவை நம் இளைஞர் பலர் இக்காலத்தில் எழுப்புகின்றனர். நல்ல வினா, எளிதில் விடை கூறித் தப்பிவிட இயலாத வினா.

எறும்புக்கும் அஞ்சி அடிவைத்து நடப்பவர் நாம். போர்க்களத்துப் பேச்சு நமக்கு எதற்கு எனப் பெரியவர் சிலர் நினைக்கக்கூடும். இன்று போர்க்களம் நம் உணவறைக்கே வந்துவிட்டது. கதிரவன் மறையுமுன் உண்டு எழுகின்ற வீடுகளிலும், தட்டுக்கு அருகில் கைப்பேசி ஒளிர்கின்றது. அதில் இடிபாட்டினடியே கிடக்கும் குழந்தையின் முகம் தோன்றுகின்றது. விரலால் அதனைத் தள்ளிவிட்டு அடுத்த செய்திக்குச் செல்கின்றோம். அம்முகத்தை எடுத்தவன் ஒருவன், அச்சிட்டவன் ஒருவன், காண்பவர் நாம். ஆகவே அவனைப்பற்றிய வினா நம்மைப்பற்றிய வினாவுமாகும்.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுத்தபோது, உயிரைப் போக்குதல் என்று மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதத்தை, அஃதாவது கஷாயங்களின் வயப்பட்டு உள்ளம் விழிப்பிழந்த நிலையை, முன்னே வைத்தார். வலையோடு புறப்பட்டு ஒரு மீனும் அகப்படாது திரும்பும் வலையன் கொலை செய்யாதிருந்தும் கொலைஞனே. ஏர் பூட்டி உழுகையில் கணக்கற்ற உயிர்கள் மடியக் காண்கின்ற உழவன் அவனோடு ஒப்பாகான் என்று நம் ஆசாரியர்கள் விளக்குவர். உழுகுடியினராகிய நமக்கு இவ்விளக்கம் ஆறுதலானது என்பதால் அன்று, ஆழமானது என்பதால் கூறுகின்றேன். கை செய்வதைக் கண் காணும். உள்ளம் செய்வதைக் கேவலியே காண்பார்.

வினை வந்து சேரும் வாயில்களையும் அவர்கள் எண்ணிவைத்தனர். நினைத்தல், அதற்கு வேண்டியவற்றைக் கூட்டுதல், தொடங்கிச் செய்தல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், பிறர் செய்கைக்கு உடன்படுதல் என மூன்று. வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் எனக் கஷாயங்கள் நான்கு. பெருக்கினால் 108. நாம் செபமாலையில் உருட்டும் மணிகளின் தொகைக்கு இதனையும் ஒரு பொருளாகக் கூறுவதுண்டு. "நான் வெறுமனே பார்த்தேன்" என்பதற்கென ஒரு தனி மணி அம்மாலையில் இல்லை. பார்த்தவனும் இந்த 108-இல் எங்கேனும் ஓரிடத்தில் நிற்பான். அல்லது எதிலும் நில்லாது தூயனாய் நீங்குவான். எது என்பதை அவன் உள்ளமே தீர்மானிக்கின்றது.

ஓர் உண்மை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். 1971ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் டாக்கா நகரில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஒன்பது மாதக் கொடுந்துயர் தீர்ந்து வங்கதேசம் விடுதலை பெற்றது. இரண்டு நாள் கழித்து, 18ஆம் நாள், அந்நகரத்து மைதானத்தில் விடுதலைப் படையினரின் வெற்றிக் கூட்டம் நடந்தது. பகைவர்க்குத் துணைபோனவர் எனக் குற்றஞ்சாட்டப்பெற்ற சிலர் கைகள் கட்டப்பட்ட நிலையில் கொண்டுவரப்பட்டனர். வழக்கில்லை, விசாரணையில்லை. ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்து நிற்க, அவர்களை அடித்து வதைத்து, துப்பாக்கி முனையில் பொருத்திய பயனெட் கத்தியாற் குத்திக் கொன்றனர். அயல்நாட்டுப் படக்கலைஞரும் செய்தியாளரும் பலர் அங்கே இருந்தனர்.

இங்கேதான் நாம் உற்று நோக்கவேண்டிய பிரிவு நிகழ்ந்தது. பிரான்சு நாட்டு மார்க் ரிபூ, இங்கிலாந்துப் பெண்மணி பென்னி ட்வீடி முதலிய சிலர் படமெடாது அவ்விடத்தை விட்டு அகன்றனர். தம் கருவிகள் அங்கே இருப்பதே அக்கொடுமையைத் தூண்டுகின்றது, காட்டுவதற்கு ஆள் இருப்பதால்தான் இதனைச் செய்கின்றனர் என்று அவர்கள் அஞ்சினர். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹார்ஸ்ட் ஃபாஸ், மிஷேல் லாரன் என்னும் இருவர் நின்று படமெடுத்தனர். அப்படங்களுக்கு 1972ஆம் ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அவை வெளிவந்ததன் பின்னர் நம் நாட்டுத் தலைமை அமைச்சராக இருந்த இந்திரா காந்தி அம்மையார் அச்செய்தி அறிந்து அதிர்ச்சியுற்றார் என்றும், அத்தகைய பழிவாங்கல் மீண்டும் நிகழாதிருக்க அது துணையாயிற்று என்றும் எழுதியுள்ளனர்.

அகன்றவர் அறவோரா? நின்றவர் அறவோரா? இக்கேள்வியை மேனாட்டார் அரை நூற்றாண்டுக்கும் மேலாக விவாதிக்கின்றனர். நம் நூல்களைக் கையிற் கொண்டு பார்ப்போம்.

அகன்றவர் உள்ளத்தில் எழுந்த அச்சத்திற்கு நம் ஆகமத்தில் பெயர் உண்டு. அது காரிதம், செய்வித்தல். கொலைஞன் கருவியைக் கண்டு முகந்திருப்பி நிற்பானாயின், அக்கருவி அவனுக்குக் கத்தியைப்போல் ஒரு துணைப்பொருள் ஆகிவிட்டது. வாயால் "கொல்" என்று சொல்லவேண்டியதில்லை. எதிரே காத்து நிற்பதே சொல்லாகிவிடும். இதனை அக்கணத்தில் உணர்ந்து கால்களைப் பெயர்த்தவரின் விழிப்பை நான் வணங்குகின்றேன். எனினும் ஒன்று கூறாதிருக்க இயலவில்லை. அவர்கள் சென்ற பின்பும் கொலை நிகழ்ந்தது. அவர்களுடைய கை தூயதாயிற்று. கட்டுண்டவர் உயிர் பிழைக்கவில்லை. தன்னை வினையினின்று காத்துக்கொள்ளுதல் அறத்தின் முதற்படி. பிறவுயிரைக் காத்தல் அதற்கு மேற்படி. அத்துணைப் பெரிய கூட்டத்தில், படைக்கலம் ஏந்தியவர் நடுவே, அயலார் சிலரால் அம்மேற்படியில் ஏறியிருக்க இயலுமா என்பதை இங்கே நிழலில் அமர்ந்து நான் தீர்ப்புக் கூறுதல் தகாது.

நின்றவர்க்குப் பின்னாளில் விளைந்த நன்மையைக் காட்டி அன்றைய செயலைத் தூய்மைப்படுத்த நம் சித்தாந்தம் இடந்தராது. வினை கட்டுப்படுவது அந்தக் கணத்தில், அந்தக் கணத்துப் பாவனையின்படி. "இக்கொடுமை மறைக்கப்படாதிருக்க ஒரு சாட்சி வேண்டும்" என்னும் நடுக்கத்தோடு விசையை அழுத்தினானா, "இதுபோல் ஒரு படம் இனிக் கிட்டாது" என்னும் உலோபத்தோடு அழுத்தினானா? இரண்டிற்கும் விரலின் அசைவு ஒன்றே, படமும் ஒன்றே, கிடைக்கும் பரிசும் ஒன்றே. உள்ளே கட்டுப்படும் வினை மட்டும் விண்ணுக்கும் மண்ணுக்கும் உள்ள தொலைவாய் வேறுபடும். அவ்விருவர் உள்ளத்தில் எது இருந்ததென நாம் அறியோம். புறத்தே தெரியும் அடையாளம் ஒன்றை மட்டும் சொல்லலாம்: கொலை கருவிக்காகக் காத்திருக்கின்றதா? காத்திருக்கின்றது என்னும் ஐயம் எழுந்த அக்கணமே கருவியைத் தாழ்த்துதல் வேண்டும் என்பது என் துணிபு. சாட்சி குறைந்துவிடுமே எனின், குறையட்டும். உலகுக்கு ஒரு படம் இழப்பாகலாம். அங்கே ஓர் உயிருக்கு ஒரு நாழிகை கூடக்கூடும்.

காரிதத்தின் இன்னும் கீழான படி ஒன்று உண்டு. அதற்குச் சான்று நம் நாட்டு மண்ணிலேயே இருக்கின்றது. 1857ஆம் ஆண்டு நவம்பரில் இலக்னோ நகரத்துச் சிக்கந்தர் பாக் என்னும் மதில்சூழ் மாளிகைத் தோட்டத்தில் ஆங்கிலப் படை புகுந்து ஏறத்தாழ 2,000 சிப்பாய்களைக் கொன்றது. மறு ஆண்டு அங்கே வந்தவர் ஃபெலிச்சே பியாட்டோ என்னும் படக்கலைஞர். அவர் எடுத்த படத்தில் சிதைந்த மாளிகையின் முன்னே மண்டையோடுகளும் எலும்புகளும் முற்றமெங்கும் பரவிக் கிடக்கின்றன. படம் நன்கு அமையும்பொருட்டு அவ்வெலும்புகள் தோண்டியெடுத்துப் பரப்பப்பட்டவை என்று வரலாற்றாசிரியர் குறிப்பர். வென்றவர் நாட்டில் விற்பதற்கு மாண்டவர் எலும்பு அணிகலனாயிற்று. உயிர் நீங்கிய உடம்புக்கு நோவில்லையே, இதில் ஹிம்சை எங்கே எனக் கேட்பார் உளராயின், யசோதர மன்னன் கதையை அவர் நினைவுகூர்க. அவன் அறுத்தது மாவினாற் செய்த கோழி. அதற்கு உயிரில்லை, குருதியில்லை. "கோழியைப் பலியிடுகின்றேன்" என்னும் சங்கற்பம் மட்டும் இருந்தது. அச்சங்கற்பம் அவனையும் அவன் தாயையும் பிறவிதோறும் விலங்குகளாகத் துரத்தியது. உருவம் தானே, படம் தானே என்று சொல்லும் நாவுக்கு அக்காவியம் ஒன்றே போதும்.

இனி, செய்தித் தொழிலார் பெரிதும் போற்றும் ஒரு சொல்லைப் பார்ப்போம்: நடுநிலை. "நாங்கள் நிகழ்வதைப் பதிவு செய்பவர், தலையிடுபவர் அல்லர்" என்பது அவர்களுள் பலருடைய கொள்கை. கேட்பதற்கு நம் மாத்யஸ்த்ய பாவனையைப்போல் ஒலிக்கும். ஆனால் நம் ஆசாரியர்கள் நால்வகைப் பாவனைகளையும் நால்வகை உயிர்களுக்குப் பகுத்து வைத்தனர் என்பதை மறத்தல் கூடாது. எல்லா உயிரிடத்தும் மைத்ரி, குணத்தில் மிக்காரிடத்துப் பிரமோதம், துன்புறுவாரிடத்துக் காருண்யம், சொல்லியும் திருந்தாத முரடரிடத்தே மாத்யஸ்த்யம். கொடியவனை நோக்கி வெகுளாது நிற்கவேண்டிய நடுநிலையை எடுத்து, துடித்துக் கிடப்பவன்மீது செலுத்தினால் அது இடம் மாறிய மருந்து. காலுக்கு இடவேண்டிய தைலத்தைக் கண்ணில் இட்டாற்போலாகும்.

டாக்காவில் நின்று படமெடுத்த அதே ஹார்ஸ்ட் ஃபாஸ், வியத்நாம் போரின்போது சைகோன் நகரில் அந்நிறுவனத்தின் படப்பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். 1972ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் அவர் மேசைக்கு ஒரு படம் வந்தது. அன்று ட்ராங் பாங் என்னும் சிற்றூரின்மீது தென்வியத்நாம் அரசின் விமானமே நேபாம் என்னும் எரிகுண்டுகளை வீசியது. ஆடை முழுதும் எரிந்துபோக, முதுகிலும் கையிலும் தோல் வெந்து, 9 வயதுச் சிறுமி ஒருத்தி கைகளை விரித்துக் கதறியவாறு நெடுஞ்சாலையில் ஓடிவருகின்றாள். அவள் பெயர் கிம் ஃபுக். ஆடையற்ற உடலின் படத்தை வெளியிடலாகாது என்னும் விதி அலுவலகத்தில் இருந்தது. இப்படத்திற்கு அவ்விதி பொருந்தாது என வாதாடி அனுப்பிவைத்தவர்களுள் ஃபாஸும் ஒருவர்.

படத்தை எடுத்தவர் நிக் உட் என்னும் வியத்நாமிய இளைஞர் என உலகம் ஐம்பதாண்டுக்கு மேல் அறிந்திருந்தது; 1973இல் புலிட்சர் பரிசும் அவருக்கே வழங்கப்பட்டது. எடுத்தவர் வேறொருவர் என்று ஓர் ஆவணப்படம் கிளப்பிய ஐயத்தினால், 2025ஆம் ஆண்டு உலகப் பத்திரிகைப் படப் பரிசு அமைப்பு தன் ஏட்டில் அவர் பெயரை நிறுத்திவைத்தது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமோ அவர் பெயரை நீக்கவில்லை. இவ்வழக்கில் நமக்கு வேலையில்லை. விசையை அழுத்திய விரல் எவருடையதோ. அழுத்திய பின்பு நடந்தவையே நமக்கு வேண்டும். அங்கிருந்த செய்தியாளர் தம் குடிநீரை அச்சிறுமியின்மேல் ஊற்றினர். நிக் உட் காயமுற்ற சிறாரைத் தம் வண்டியிலேற்றி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். அங்கே ஏற்கத் தயங்கியபோது, தம் செய்தியாளர் அட்டையைக் காட்டி, இப்பிள்ளைகளின் படம் நாளை உலகெங்கும் வரும் என்று கூறி வற்புறுத்தியதாக அவர் சொல்லியிருக்கின்றார். படக்கருவியின் வலிமை அபயதானத்திற்குப் பயன்பட்ட இடம் இது. பல மாத மருத்துவத்திற்கும் பல அறுவை சிகிச்சைகளுக்கும் பின் அச்சிறுமி பிழைத்தார். இன்று கனடா நாட்டில் வாழ்கின்றார்.

ஆயினும் மற்றொரு பக்கம் உண்டு. தம் ஆடையற்ற உருவம் உலகெங்கும் பரவியதைக் குறித்து வளரும் பருவத்தில் வெட்கமும் வெறுப்பும் உற்றதை அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். பின்னரே அப்படத்தை அமைதிக்கு ஒரு கருவியாக ஏற்றுக்கொண்டார். உண்மையேயாயினும் பிறர்க்கு இடர் விளைக்குமாயின் அதனைச் சொல்லாமையும் இல்லறத்தாரின் சத்திய விரதத்தில் அடங்கும் எனச் சமந்தபத்திர சுவாமிகள் வகுத்தார். அவர் நூலின் வழிவந்த நம் அருங்கலச்செப்பை ஓதுவார்க்கு இது புதிதன்று. அச்சிறுமியின் படத்தை வெளியிட்டிருக்கலாகாது என்று நான் சொல்ல வரவில்லை. அவளிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கும் நிலையும் அன்று இல்லை, அதன் சுமையை அவள் தனியே பல்லாண்டு சுமந்தாள் என்பதை, அப்படத்தைப் புகழ்வோர் தம் புகழுரையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கின்றேன்.

நேமிநாத சுவாமியின் வரலாற்றை இங்கே நினைக்காதிருக்க முடியவில்லை. மணக்கோலத்தில் தேரேறிச் சென்றவர் வழியில் அடைபட்டுக் கதறும் விலங்குகளைக் கண்டார். முதலில் கண்டார், பின்பு "இவை ஏன் இங்கே?" எனக் கேட்டார், பின்பு விடுவித்தார், பின்பு தாமும் திருமணத்தை விடுத்து ஊர்ஜயந்த கிரிக்கு ஏகினார். கண்டதற்கும் விடுவித்ததற்கும் இடையே அவர் தேரை நிறுத்தியிருக்கின்றார். அந்நிறுத்தமே பெரிது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் சிரியா நாட்டு அலெப்போ நகரருகே, ஊர் பெயர்ந்து செல்லும் மக்களை ஏற்றிய பேருந்துகளின் அருகில் குண்டு வெடித்தது. அப்துல் காதர் ஹபாக் என்னும் இளம் படக்கலைஞர் தாமும் அவ்வெடிப்பில் அதிர்ந்து விழுந்து எழுந்தவர். முதலில் அணுகிய குழந்தை இறந்திருந்தது. அடுத்த குழந்தைக்கு மூச்சு இருந்தது. அவர் படமெடுப்பதை நிறுத்தி அக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர்தியை நோக்கி ஓடினார். அவர் ஓடுவதை வேறொரு கலைஞர் படமெடுத்தார். ஆக, இரண்டும் நடந்தன: ஒருவர் கையால் உயிர் காத்தலும், மற்றொருவர் கண்ணால் சாட்சி கூறலும். இருவரும் ஓடியிருக்க வேண்டும் என்றோ, இருவரும் நின்றிருக்க வேண்டும் என்றோ நம்மால் விதிக்க முடியாது. அருகில் வேறு கை இல்லாதபோது கருவியைப் பிடித்த கையே கை என்பதில் மட்டும் ஐயமில்லை.

இவ்விடத்தில் நம் மேடைகளில் அடிக்கடி கூறப்பெறும் ஒரு கதையைத் திருத்தவேண்டும். 1993ஆம் ஆண்டு மார்ச்சில், போரும் பஞ்சமும் வாட்டிய தென்சூடானில், தளர்ந்து சுருண்டு கிடக்கும் குழந்தையையும் அதன் பின்னே அமர்ந்திருக்கும் கழுகையும் படமெடுத்தவர் தென்னாப்பிரிக்கக் கலைஞர் கெவின் கார்ட்டர். 1994இல் பரிசு பெற்றார். அவ்வாண்டு ஜூலையிலேயே 33 வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். "குழந்தையைக் கழுகுக்கு விட்டுவிட்டு வந்தான், குற்றவுணர்ச்சி அவனைக் கொன்றது" என்று இதற்கு ஒரு முடிவு கட்டிச் சொற்பொழிவாளர் பலர் கைதட்டல் பெறுகின்றனர். கார்ட்டர் கழுகை விரட்டினார். படத்தை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் சில நாளிலேயே இதனைத் தெரிவித்தது. உணவு வழங்கும் இடம் அருகிலேயே இருந்தது. அவர் கடைசியாக எழுதிவைத்த குறிப்பில், தம் நாட்டில் பல்லாண்டு கண்ட கொலைகளின் நீங்கா நினைவும், பணமுடையும், மாண்ட நண்பரின் பிரிவும் பேசப்படுகின்றன. அவர் கழுகு சிறகை விரிக்குமென நெடுநேரம் காத்திருந்ததைத் தாமே கூறியுள்ளார். அக்காத்திருத்தலை நான் மறைக்கவில்லை, போற்றவும் இல்லை. ஆனால் ஒருவனது துயரமிகு முடிவை எடுத்து நீதிக்கதையாக மடக்கிக்கொள்வது உபகூஹன அங்கத்திற்கு எந்த வகையில் பொருந்தும்?

அவர்கள் நம்மைப்போல் பாதுகாப்பான இடத்திலிருந்து காண்பவர் அல்லர். டாக்கா படத்தின் இணைக்கலைஞரான மிஷேல் லாரன் 1975 ஏப்ரல் இறுதியில், வியத்நாம் போர் முடிவதற்குச் சில நாள் முன்னர், அப்போரிலேயே மாண்டார். நம் நாட்டு டேனிஷ் சித்திக்கி 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானத்துக் களத்தில் உயிர் நீத்தார். 2023 அக்டோபருக்குப் பின் காசாவில் மாண்ட செய்தித்துறையினர் தொகை இருநூற்றைக் கடந்தது. கண்ட காட்சியெல்லாம் இந்திரிய வாயில் வழியே உள்ளே சென்று படியும். பல்லாண்டு கண்டவர் உள்ளத்தின் நிலை என்னவாகும் என்பதைச் சற்று எண்ணிப்பார்த்தால், அவர்களை வைது பேசும் நா சிறிது தடைப்படும்.

வைவதற்கு நாம் ஏன் இத்துணை விரைகின்றோம்? காரணம் எளிது. எடுத்தவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டால் காண்பவராகிய நாம் தப்பிவிடலாம்.

தப்ப இயலாது என்பதற்குக் குந்தகுந்த ஆசாரியர் சுட்டிய மீனின் கதை சான்று. நம் பொன்னூர் மலையில் தவமியற்றியவர் எனப் போற்றப்படும் அப்பெரியார், பாவனைத் தூய்மையைப் பேசுமிடத்தில் இம்மீனை எடுத்துக்காட்டுவார். சுயம்பூரமணக் கடலில் ஒரு பெருமீன் வாய் திறந்து உறங்குகின்றது. அதன் காதில் வாழ்கின்றது அரிசியளவேயான ஒரு சிறுமீன். பெருமீனின் வாய்க்குள் மீன்கள் திரள்திரளாய்ப் புகுந்து, உண்ணப்படாது வெளியேறுவதை அது பார்த்துக்கொண்டே இருக்கின்றது. "எனக்கு மட்டும் இப்பேருடல் இருந்தால் ஒன்றையும் விடேனே" என்று ஏங்குகின்றது. அது ஒரு மீனையும் தின்றதில்லை. தின்னும் ஆற்றலும் அதற்கு இல்லை. அது செய்ததெல்லாம் பார்த்தது, பார்த்து நினைத்தது. அம்மீன் ஏழாம் நரகம் எய்திற்று.

கைப்பேசியைக் கையில் ஏந்தி நாம் ஒவ்வொருவரும் அக்காதினுள் அமர்ந்திருக்கின்றோம். எந்நாட்டுப் போராயினும், நமக்குப் பிடியாத தரப்பினர் மடிந்த படத்தைக் கண்டவுடன் "நன்று, இன்னும் வேண்டும்" என்று உள்ளம் ஒருமுறை துள்ளினால், அது அனுமோதனை. அந்தப் படத்தை அக்களிப்போடு பத்துப் பேருக்கு அனுப்பினால், அனுமோதனை காரிதமாக வளர்ந்துவிட்டது. ஒருவன் செய்த ஹிம்சையின் பயனைப் பலர் துய்க்க நேரும் என அமிர்தசந்திர சூரி கூறியதன் பொருள் இக்காலத்தில் விளங்குவதுபோல் எக்காலத்திலும் விளங்கியிருக்காது. களிப்பே இல்லாமல், வெறும் வேடிக்கையாக இரவெல்லாம் பார்ப்பதும் குற்றமற்றதன்று. உள்ளத்தைக் கலக்கும் தீய கதைகளைக் கேட்டிருத்தலைத் துச்ருதி எனப் பெயரிட்டு, பயனில் தீமைகளாகிய அனர்த்ததண்டத்துள் வைத்தனர். காதுக்குச் சொன்னது கண்ணுக்கும் பொருந்தும் எனக் கொள்வதில் பிழையில்லை. பாராது கண்ணை மூடிக்கொள்ளலாமா எனின், அதுவும் வழியன்று. நேமிநாதர் கண்ணை மூடிக்கொண்டு சென்றிருந்தால் அவ்விலங்குகள் அன்றே அறுபட்டிருக்கும்.

இறுதியாக, படம் காட்டுவது உண்மைதானா என்பதையும் பார்க்கவேண்டும். அநேகாந்தம் பயின்ற நாம் இதில் ஏமாறுதல் கூடாது. 1968ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், சைகோன் தெருவில், காவல்துறைத் தலைவரான தளபதி ஒருவர், கைகள் பின்கட்டப்பட்ட ஒருவனின் தலையில் துப்பாக்கியை நீட்டிச் சுட்டார். அக்கணத்தைப் படமாக்கியவர் எட்டி ஆடம்ஸ். மறுநாள் அப்படம் உலகத்து நாளிதழ்களின் முதற்பக்கங்களில் வந்தது; 1969இல் புலிட்சர் பரிசு பெற்றது. அமெரிக்க மக்கள் அப்போரை வெறுப்பதற்கு அது ஒரு காரணம் ஆயிற்று என்பர். கட்டுண்டவனைக் கொன்றது கொடுஞ்செயல். அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் படம் ஒரு நொடியின் ஐந்நூற்றில் ஒரு பங்கைக் காட்டும் ஒரு நயம். அதற்கு முன்னும் பின்னும் அதனுள் இல்லை. கொல்லப்பட்டவன் அன்று பலரைக் கொன்றவன் என்று சொல்லப்பட்டது. அத்தளபதி பின்னர் அமெரிக்காவில் குடியேறி, சிறு உணவகம் நடத்தி, அங்கும் அப்படத்தால் இனங்காணப்பட்டு, நாடு கடத்தும் முயற்சிக்கும் ஆளாகி, 1998இல் மறைந்தார். தளபதி அம்மனிதனைத் துப்பாக்கியால் கொன்றார், நான் தளபதியைப் படக்கருவியால் கொன்றேன் என்ற கருத்துப்பட ஆடம்ஸ் எழுதினார். திரிக்கப்படாத படங்களும் பொய் சொல்லும், அவை பாதி உண்மைகளே என்றும் கூறினார். ஸியாத்வாதம் பயிலாத ஒருவர், தம் தொழிலின் நோவினாலேயே அதன் வாசல்வரை வந்து நின்றார் என்பதைக் காணும்போது எனக்கு வியப்பும் வணக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன.

அவர் பரிசுபெற்ற அப்படத்தால் அறியப்படுவதை விரும்பவில்லை. தாம் 1977ஆம் ஆண்டு எடுத்த வேறொரு படவரிசையால் அறியப்பட விரும்பினார். வியத்நாமை விட்டுத் தப்பிய 48 பேர் முப்பதடி நீளமுள்ள படகொன்றில் தாய்லாந்துக் கரையை அடைந்தனர்; அந்நாட்டுக் கடற்காவலர் அவர்களை மீண்டும் நடுக்கடலுக்கே இழுத்துச் சென்றனர். ஆடம்ஸ் அப்படகில் ஏறிப் படமெடுத்தார். அப்படங்களும் அவற்றையொத்த செய்திகளும், ஏறத்தாழ 2 லட்சம் அகதிகளுக்கு அமெரிக்க அரசு இடமளிக்க உதவின என்பர். அதனால் நன்மை விளைந்தது, எவருக்கும் ஊறு நேரவில்லை என்பதே அவர் கூறிய காரணம். அப்படவரிசைக்குப் புன்னகையற்ற படகு என்று பெயர் வந்தது. எத்துணைத் துன்பமான அகதி முகாமிலும் படக்கருவியைக் கண்டால் குழந்தைகள் ஓடிவந்து சிரிக்கும். அந்தப் படகில் ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை.